விஸ்மார் கோயிலில் எழுதிய பெயர்

என் மனைவியின் தம்பி மன்னாரிலிருந்து இந்தியாவுக்கு வள்ளம் ஏறியபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. வள்ளம் போய்ச் சேரவில்லை. அதில் போன ஒருவரும் திரும்பவில்லை, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அவனுக்கு வருடா வருடம் வயது ஏறிக்கொண்டே இருந்தது. பிறந்தநாள் வந்தால், "தம்பிக்கு இண்டைக்கு நாற்பது", "தம்பிக்கு ஐம்பது முடிஞ்சுது" என்று மனைவி அடுப்படியில் நின்றபடி சொல்லுவாள். ஒருமுறை பிராங்பேர்ட்டில் எனக்குச் சட்டை எடுக்கப் போன இடத்தில், ஒரு பெரிய நீலச் சட்டையைத் தூக்கிப் பிடித்து, "அவனுக்கு இப்ப வயிறு வைச்சிருக்கும், என்ன?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ அதை வாங்கியே விட்டாள். இன்னும் எங்கள் அலுமாரியில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

வள்ளம் போன நாள் வந்தால், ஜெர்மனியில் நாங்கள் போகும் கத்தோலிக்கத் தமிழ்ப் பூசைக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுப்பாள். பூசையில் இந்தத் துண்டுகளை இரண்டாகப் பிரித்து வாசிப்பார்கள். முதலில் உயிரோடு இருப்பவர்களின் நலனுக்காக, பிறகு இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. அவளுடைய துண்டு முதலாவதில்தான் வரவேண்டும். "பயணத்தில் இருக்கும் சகோதரனுக்காக" என்று எழுதுவாள். ஒரு வருடம், புதிதாக வந்த சுவாமி யாரோ சொல்லக் கேட்டோ என்னவோ, அவன் பெயரை இரண்டாவதில் வாசித்துவிட்டார். இவள் இருந்த வாங்கிலிருந்து எழுந்து, "சுவாமி, அவன் சாகேல்லை" என்றாள். கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பாவம், அவர் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வாசித்தார். வீடு வரும்வரை நான் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுடைய துக்கத்தைவிட என் மானம்தான் அன்று எனக்குப் பெரிதாகப் பட்டது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கி முதுகு தேய்ந்து நான் ஓய்வு பெற்றபோது, மகள் எங்கள் இருவருக்கும் பால்டிக் கடலில் ஒரு வாரக் கப்பல் பயணத்துக்குச் சீட்டு எடுத்துத் தந்தாள். தம்பி போன நாளிலிருந்து கடலில் கால் வைக்காதவளுக்குக் கப்பல் பயணம்! தலைகீழாக நின்றாலும் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் நாள்காட்டியை எடுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் கப்பல் விஸ்மாரில் நிற்கும். அதே நாள்தான் வள்ளம் போன நாளும்.

"பிள்ளை ஆசைப்பட்டுச் செய்தது, வாறன். ஆனா அண்டைக்கு எனக்கு ஒரு கோயில் வேணும்" என்றாள்.

விஸ்மார் பழைய துறைமுகம். காலையில் மேல்தட்டிலிருந்து பார்க்க, கூரைகளுக்கு மேலே செங்கல் கோயில்கள் மட்டும் உயர்ந்து நின்றன. கப்பல்காரர் கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டத்தை ஊர் பார்க்க இழுத்துப் போனார்கள். நாங்கள் கழன்றுகொண்டோம். கரையில் கட்டியிருந்த மீன்பிடிப் படகுகளில் பாணுக்குள் பொரித்த மீன் வைத்து விற்றார்கள். எனக்கு வாய் ஊறியது. "பூசைக்குக் குடுத்திட்டு வந்து சாப்பிடலாம்" என்று அவள் முன்னால் நடந்தாள். கல் பாவிய தெரு, அவளுக்கோ முழங்கால் வருத்தம். ஆனாலும் நிற்கவில்லை.

கோயில் என்றால் கோயில்தானே என்று, கண்ணில் பட்ட பெரியதற்குள் நுழைந்துவிட்டோம். உள்ளே போனதும் அவள் தீர்த்தத் தொட்டியைத் தேடிக் கையை நீட்டினாள். தொட்டி இல்லை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். நடுவில் ஒரு சிறிய பாய்மரக் கப்பல் கயிற்றில் தொங்கியது. வாசலோரம் மேசை போட்டு ஒரு வயதான ஜெர்மன்காரி இருந்தார். இவள் தமிழில் எழுதிய துண்டை அவரிடம் நீட்டினாள். நான் ஜெர்மனில் விளக்கினேன்: இன்றைக்கு ஒருவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும்.

அவர் துண்டை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். இது கத்தோலிக்கக் கோயில் இல்லை, லூத்தரன் கோயிலாம், அப்படியான பூசை இங்கே இல்லையாம். ஆனால் அந்தக் கப்பலுக்குக் கீழே ஒரு புத்தகம் இருக்கிறது, அதில் எழுதினால் ஞாயிற்றுக்கிழமை செபத்தில் நினைத்துக்கொள்வார்கள் என்றார்.

"பாத்தீங்களே, வழி இருக்கு" என்று இவள் போய், மணல் தட்டில் முதலில் ஒரு மெழுகுதிரி ஏற்றினாள். கண்ணாடியைக் கப்பல் அறையில் விட்டுவிட்டு வந்திருந்தாள். "நீங்கள் எழுதுங்கோ. அவன்ர பேர், பிறந்த ஆண்டு. பயணத்தில இருக்கிறான் எண்டும் எழுதுங்கோ."

நான் புத்தகத்தின் தலைப்பை வாசித்தேன். கடலில் இறந்தவர்களுக்காக என்றிருந்தது. பக்கம் முழுவதும் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு வருடங்கள், ஒரு சிறு சிலுவை. ஓரிடத்தில் பிள்ளை எழுத்தில் 'அப்பா' என்று மட்டும்.

சொன்னால் அன்று கோயிலில் எழுந்ததுபோல இங்கேயும் எழுவாள். சொல்லாவிட்டால், அவள் நம்பி நிற்கும்போதே நான் தம்பியைப் புதைத்தவன் ஆவேன். கோழைத்தனமாக நடுவழி பிடித்தேன். பெயரை எழுதினேன். பிறந்த வருடத்தை எழுதி, ஒரு கோடு இழுத்து, நிறுத்திவிட்டேன்.

அவள் குனிந்து, முகத்தைத் தாளுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். மேலே இருந்த பெயர்கள் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கி வந்தாள்.

"மற்ற ஆக்களுக்கு ரண்டு வருசம் இருக்கு."

"ஓம்."

"இது செத்த ஆக்களின்ர புத்தகமோ?"

"ஓம். கடலில செத்த ஆக்களின்ர. வேண்டாமெண்டால் வெட்டிவிடுறன்."

கொடி பிடித்த கூட்டம் உள்ளே வந்தது. அவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும்வரை அவள் அப்படியே நின்றாள். மெழுகுதிரி பாதிக்கு வந்திருந்தது. பிறகு என் கையிலிருந்து பேனையை வாங்கி, கோட்டுக்கு அந்தப் பக்கம், வள்ளம் போன வருடத்தைத் தானே எழுதினாள். இலக்கங்கள் பெரிதாக, வரியைத் தாண்டி விழுந்தன. சிலுவை போடவில்லை. தமிழில் எழுதிய துண்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் மீன் பாண் வாங்கினேன். அவளும் சாப்பிட்டாள். கப்பல் ஏணிக்கு முன்னால் ஆட்கள் அட்டையைக் காட்டி ஒவ்வொருவராக ஏறினார்கள். எங்கள் முறை வந்தும் அவள் ஏறவில்லை. துறைமுகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்றவர்களுக்கு வழி விட்டு நானும் ஒதுங்கி நின்றேன்.

"இருபத்திரண்டு வயசுப் பெடியன். மெலிஞ்ச உடம்பு" என்றாள். அழுகிறாளோ என்று பார்த்தேன், அழவில்லை. "அந்த நீலச் சேட்டு அவனுக்குப் பெரிசு, என்னப்பா?"

"ஓம். பெரிசுதான்" என்றேன்.