வேங்கிக்கால் சோடா கம்பெனியில் தலைக்கு எத்தனை பெட்டி?

செவ்வாய் காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறினேன். மறுநாள் பௌர்ணமி கிரிவலம், உட்கார இடம் கிடைத்ததே பெரிய விஷயம். நாடு முழுக்கக் குளிர்பான நிறுவனங்களில் ஓர் ஆள் எவ்வளவு உற்பத்தி செய்கிறார் என்று எங்கள் அலுவலகம் அளக்கிறது. பெரிய ஆலைகள் மற்றவர்களுக்கு, சோடா கம்பெனிகள் எனக்கு. இந்த வட்டாரத்தில் தலைக்கு அதிகம் நிரப்பும் கம்பெனிக்கு, பாட்டில் கழுவும் இயந்திரம் ஒன்றைச் சோடா தயாரிப்பாளர் சங்கம் இலவசமாகத் தருகிறது. அதுவரை செங்கம் கம்பெனிதான் முதலிடம்: அரை நாளில் தலைக்கு ஒன்பது பெட்டி. கடைசியாகப் பாக்கி இருந்தது வேங்கிக்கால்.

பேருந்து நிலையத்திலிருந்து நாலு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார்.

"பௌர்ணமி ரேட்டு மேடம்."

"பௌர்ணமி நாளைக்குத்தானே?"

"ஜனம் இன்னைக்கே வந்துடுச்சே!"

கம்பெனி அன்வர் பாயுடையது. அவர், நிரப்பும் மெஷினில் அவர் மனைவி மும்தாஜ், வேலையாட்கள் மூவர், ஆக ஐந்து பேர் என்றுதான் சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். உள்ளே போனால் பதினொரு பேர்! இஸ்திரி போட்ட சட்டையோடு ஆறு பேர் ஒரே பாட்டிலைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். மாலைக்குள் நாற்பத்து நாலு பெட்டி, தலைக்கு நாலு.

"ஆளு ஜாஸ்தி இருந்தா பெரிய கம்பெனினு நெனைப்பீங்கனு மச்சானுங்களை வரச் சொன்னேன்" என்றார் பாய். எனக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அஞ்சு பேருனு போட்டுக்கங்களேன்."

"உள்ளே நிக்கிற எல்லாரும் கணக்கு பாய். காலையில மறுபடி வரேன்."

"நாளைக்கும் வரச் சொல்லிட்டேனே! மச்சானுங்களைப் போங்கனு எப்படிங்க சொல்றது?"

"நான் பாத்துக்கறேன்" என்றார் மும்தாஜ், மெஷினிலிருந்து கையை எடுக்காமல்.

அரைகுறை எண்ணோடு ஊர் திரும்புவதில்லை என்று நானும் முடிவு செய்தேன். நாலு லாட்ஜ் ஏறி இறங்கி, மும்மடங்கு வாடகையில் ஓர் அறை பிடித்தேன். அலுவலகம் அதைத் தராது.

புதன் எட்டு மணி. உள்ளே நாலு பேர்தான் இருந்தார்கள்.

"தம்பிங்களுக்கு வீட்டுல விருந்து. அவங்களை விட்டுட்டு இவரு வந்தா மரியாதையா இருக்காதுல்ல? அங்கேயே உக்கார வெச்சுட்டேன்" என்றார் மும்தாஜ்.

வேலை சத்தமில்லாமல் ஓடியது. பன்னிரண்டு மணிக்கு நாற்பது பெட்டி, தலைக்குப் பத்து. பாயும் இருந்திருந்தால் எட்டுதான்; இயந்திரம் செங்கத்துக்குப் போயிருக்கும். மும்தாஜ் கணக்கை எனக்கு முன்பே போட்டுவிட்டார்.

"நேத்து ஜாஸ்தியா இருந்தது ஆறு பேர் இல்ல மேடம், ஏழு பேர்."

பிரியாணித் தூக்கோடு வந்த பாய், தான் இல்லாததால்தான் ஜெயித்தோம் என்று கேட்டதும் காலிப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது.

"தெனமும் மொத ஆளா வரவன் நான்தான் மேடம்."

"மெஷின் வேணுமா, வேணாமா?" என்றார் மும்தாஜ்.

"வேணும்."

"அப்போ நாளையிலேர்ந்து வெளியில போய் ஆர்டர் புடிங்க."

பாய் கம்பெனிச் சாவிக்கொத்தை எடுத்து மும்தாஜ் கையில் கொடுத்தார்.

மூன்று மணிக்குக் கிளம்பினேன். ஊருக்குள் வரும் பேருந்தெல்லாம் பிதுங்கின. என்னுடையது பாதி காலி. எங்கள் அலுவலகத்தில் யார் இல்லாவிட்டால் வேலை நன்றாக ஓடும் என்று ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு வந்தேன். திண்டிவனம் வருவதற்குள் மற்ற எல்லாரும் முடிந்துவிட்டார்கள். எண்ண மிச்சம் இருந்தது நான்தான்.