சுத்த சைவ ராஸ்பெர்ரி புட்டிங்

எங்கள் வீட்டில் ராஸ்பெர்ரியைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. ஆனாலும் இரண்டாயிரத்து ஏழாம் வருடக் கோடை முழுவதும் அதைத்தான் தின்றோம். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த என் கொழுந்தனார் ஒரு டஜன் ராஸ்பெர்ரி ஜெல்லி பாக்கெட் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அட்டையில் சிவப்பாக, மொட்டு மொட்டாக ஒரு பழத்தின் படம். "நம்ம முசுக்கட்டைப் பழம் மாதிரி இருக்கே" என்றேன். மாமியாருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அதுவும் இதுவும் ஒண்ணாடி? இது ஃபாரின் பழம்" என்றார்.

என் கணவர் அண்ணாமலை நகரில் தாவரவியல் வாத்தியார். கிண்ணத்தில் விழுந்ததைச் சும்மா தின்றுவிட்டுப் போகிற ஆள் இல்லை. ராஸ்பெர்ரி ரோஜாக் குடும்பம் என்றும், அது ஒரு திரள்கனி என்றும், குளிர் தேசத்தில்தான் நன்றாகக் காய்க்கும் என்றும் ஸ்பூனை நீட்டி நீட்டிப் பாடம் நடத்துவார். அந்தப் பாக்கெட்டில் ராஸ்பெர்ரி துளிகூட இல்லை, சாயமும் எசன்ஸும்தான் என்பது அதன் பின்பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. முனைவர் பட்டம் வாங்கிய மனிதர் ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்கலாம். நானும்தான் பார்த்திருக்கலாம். நான் மட்டும் படிக்காதவளா என்ன?

புட்டிங் செய்வது மாமியாரின் தனி ராஜ்ஜியம். பாக்கெட்டைப் பிரித்து வெந்நீரில் கொட்டிக் கரைத்து, ஆறியதும் எவர்சில்வர் தட்டில் ஊற்றி ஃபிரிட்ஜுக்குள் வைப்பார். குவார்ட்டர்ஸ் அடுக்களையில் பிளக் கிடையாது என்பதால் ஃபிரிட்ஜ் ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில் நின்றது. கரண்ட் போய்விட்டால் அதன் கதவை யாரும் தொடக் கூடாது. குடிக்க ஜில்லென்று தண்ணீர் கேட்டால் பானையைக் காட்டுவார். ஜெல்லி உறைகிற நேரத்தில் அடுப்பில் கஸ்டர்டு பவுடர் போட்ட பால் கொதிக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் அடியில் பிஸ்கட் தூள், அதன் மேல் கஸ்டர்டு, அதற்கு மேல் சதுரம் சதுரமாக வெட்டிய ஜெல்லி, உச்சியில் ஒரே ஒரு முந்திரி. கிண்ணத்தை ஆட்டினால் ஜெல்லி நடுங்க வேண்டும். நடுங்காவிட்டால் நான்தான் கதவைத் திறந்துவிட்டேன் என்று அர்த்தம்.

வெளியே ரோட்டோரத்தில் நுங்கும் வெள்ளரிப் பிஞ்சும் குவிந்து கிடந்த மே மாதம் அது. அதையெல்லாம் ஈ மொய்க்கிற சாமான் என்று ஒதுக்கிவிட்டு நாங்கள் சாயத் தண்ணீரைக் கட்டியாக்கி விழுங்கிக்கொண்டிருந்தோம். இருமல் மருந்து உறைந்தால் என்ன ருசி இருக்குமோ அதுதான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்கிற தைரியம் அந்த வீட்டில் எவருக்கும் இல்லை.

எங்கள் வீடு சுத்த சைவம். மாமியார் இதை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வார், கேஸ் சிலிண்டர் போட வருகிறவரிடம்கூட. பேக்கரியில் கேக் வாங்கப் போனால் முட்டை போடாததுதானா என்று மூன்று தடவை கேட்பார். கடைக்காரர் மூன்று தடவையும் ஆமாம் என்றால், அவ்வளவு சுலபமாகச் சொல்கிறானே என்று சந்தேகப்பட்டு வாங்காமலே திரும்புவார். பிஸ்கட் வாங்கினால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பச்சைப் புள்ளியைத் தேடுவார். ஜெல்லி பாக்கெட்டில் பச்சைப் புள்ளியும் இல்லை, சிவப்புப் புள்ளியும் இல்லை. "அங்கெல்லாம் புள்ளி வக்கிற பழக்கம் இல்ல. ஃபாரின்காரன் எதையும் சுத்தமாச் செய்வான்" என்று அந்த வழக்கு முடிந்தது. கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம் இருப்பார். அன்று சோறு தொட மாட்டார், பழம் சாப்பிடலாம். ராஸ்பெர்ரி பழம்தானே? முருகன் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் புட்டிங் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகு பயபக்தியோடு இரண்டு கிண்ணம் சாப்பிடுவார்.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். கிள்ளை என்ற ஊரைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பம். கணவருக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை, இரண்டும் பெண் பிள்ளைகள். ராஸ்பெர்ரிக்கு முந்தின வருடம், எனக்குக் கல்யாணமாகி அந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் கரு கலைந்தது. கணவர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குப் போயிருந்தார். மாமியார் அப்போது கடலூரில். என் சத்தம் கேட்டு ஓடிவந்து, தன் புடவை ஒன்றை என்னைச் சுற்றிக் கட்டி, ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அந்த அக்கா. அன்று மாலைவரை என் தலை அவர் மடியில்தான் இருந்தது. அந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே மனுஷி அவர். அவரை இழந்துவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு பெரிய கவலை இருந்ததில்லை. அப்படிப்பட்ட நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

அடுத்த மாதமே ரம்ஜான் நோன்பு ஆரம்பித்தது. என் உடம்பைப் பார்த்துக்கொள்ள என்று மாமியாரும் வந்து சேர்ந்திருந்தார். தினமும் சாயங்காலம், நோன்பு திறப்பதற்குச் சற்று முன்னால், கொல்லைச் சுவருக்கு மேலாக அக்காவின் கை நீளும். கையில் ஒரு கிண்ணம் கடல்பாசி. கடலில் விளைகிற பாசியைக் காய்ச்சி, பாலும் ஏலக்காயும் ரோஸ் கலரும் சேர்த்து உறைய வைத்தது. அதைவிடச் சைவமான பண்டம் கிடையாது. "அவுங்க பாத்திரத்துல என்னென்ன வெந்துச்சோ. கொட்டிடு" என்பார் மாமியார். நான் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்ப்பேன். மேலே ஒரு சொம்பு தண்ணீரும் ஊற்றுவேன். கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை என்று மறுநாள் இரண்டு வாழைப்பழம் வைத்துக் கொடுப்பேன். "ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா" என்பேன். நோன்பு முடியும்வரை இதுதான் நடந்தது. மாமியார் சொன்னார் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. அவர் ஒருநாளும் பின்பக்கம் வந்து பார்த்ததில்லை. ஒரு வாய் தின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அதற்கடுத்த கோடையில்தான் ராஸ்பெர்ரி வந்தது. ஏழெட்டு பாக்கெட் தீர்ந்தபிறகு மாமியாருக்குத் திடீரென்று பெருந்தன்மை பொங்கியது. "பக்கத்து வீட்டுப் புள்ளைங்களுக்கு ஒரு கிண்ணம் குடு. பாவம், இதையெல்லாம் எங்க பாத்திருக்கப் போவுதுங்க" என்றார். அவர்கள் வீட்டிலிருந்து வந்தால் சாக்கடைக்கு, நம் வீட்டிலிருந்து போனால் தர்மம். எனக்கு அப்போது அது உறைக்கவே இல்லை. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனேன்.

பிள்ளைகள் இரண்டும் ஸ்பூனோடு ஓடிவந்தன. அக்கா கையைக் குறுக்கே நீட்டினார். "இருங்கடி. எந்த பாக்கெட்டும்மா இது? அட்டை இருக்கா?" என்று கேட்டார். ஃபாரின் அட்டையைக் காட்டுகிற பெருமையில் வீட்டுக்கு ஓடி எடுத்துவந்தேன். அவர்கள் வீட்டில் எந்தப் பாக்கெட்டையும் திருப்பிப் படிக்காமல் பிரிப்பதில்லை. அக்கா ஒவ்வொரு வார்த்தையாக விரலை வைத்துப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என்னோடு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா" என்றார் மாமியாரிடம். "இதுல ஜெலட்டின் போட்டிருக்கு. மாட்டெலும்பா பன்னித்தோலான்னு எழுதல. அதான் நாங்க சாப்புட முடியாது. நீங்க சைவமாச்சே, தெரியாம சாப்புடுறீங்களோன்னு சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்." கிண்ணம் அப்படியே இருந்தது, உச்சியில் முந்திரியோடு. அதை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

"கொடுத்ததைத் திருப்பிக் குடுக்குறதைப் பாரு! என்னா திமிரு!" என்று கத்தினார் மாமியார். பிறகு மகனைக் கூப்பிட்டார். என் கணவர் கடைசியாக, முதன்முறையாக, அந்த அட்டையைத் திருப்பினார்.

"ஜெலட்டின்னா… அது ஒரு மாதிரி புரோட்டீன்மா."

"எந்தச் செடியிலேருந்து எடுக்குறது?"

தாவரவியல் வாத்தியார் மின்விசிறியைப் பார்த்தார். மாமியாருக்குப் புரிந்துவிட்டது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். மார்ச், ஏப்ரல், மே. மூன்று கிருத்திகை. எழுந்து போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தார், முருகன் படத்தைத் துடைத்துப் புதிதாக விபூதி பூசினார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வந்தது. ஆனால் மிச்சமிருந்த பாக்கெட்டுகளை அவர் எறியவில்லை. ஃபாரின் சாமான் ஆயிற்றே. மஞ்சக்குப்பத்தில் இருக்கும் தன் நாத்தனார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அவர்களும் சுத்த சைவம்தான்.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். "அவ இதை குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கச் சொல்லிடப் போறா. நீதான் அவகிட்ட நல்லா பேசுவியே, போயி சொல்லாதேன்னு சொல்லிட்டு வா" என்றார். போனேன். அக்கா பின்வாசல் படியில் உட்கார்ந்து புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "நான் யாருகிட்டம்மா சொல்லப் போறேன்? தெரியாம சாப்புட்டதுக்கு என்னா இருக்கு? உங்க அத்தையை மனசு கஷ்டப்பட வேணாம்னு சொல்லு" என்றார். அந்த நல்ல குணத்தை என்னால் தாங்க முடியவில்லை. தனக்கு ஆகாததை முகத்துக்கு நேராகத் திருப்பித் தந்த மனுஷி எதிரே உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா, நோன்புல நீங்க குடுத்ததை நாங்க ஒருநாளும் சாப்புடல. கொட்டிட்டோம்." அப்போதும் 'கொட்டினேன்' என்று சொல்ல வாய் வரவில்லை.

"தெரியும்" என்றார். கை நிற்கவில்லை. "உங்க வீட்டுச் சாக்கடை எங்க பின்பக்கமாத்தானே போவுது. துண்டு துண்டா ரோஸ் கலர்ல வரும்."

"அப்புறம் ஏங்க்கா தினம் குடுத்தீங்க?"

"பக்கத்து வீட்டுக்குக் குடுக்காம எப்படிம்மா நோன்பு தொறக்குறது? உங்க அத்தை சொல்லியிருப்பாங்க. புதுசா வந்த பொண்ணு நீ என்னா செய்வே. அவுங்களுக்குத் தெரியாம நீ ஒரு வாய் சாப்புட்டுட்டு மிச்சத்தைக் கொட்டுறேன்னுதான் நினைச்சேன்." ஒரு கொட்டையைத் தூர எறிந்தார். "ஒருநாள் இனிப்பு பத்தலைக்கான்னு சொன்னே, ஞாபகம் இருக்கா? சாப்புடுறா பாருன்னு எனக்கு அவ்ளோ சந்தோஷம். மறுநாள் உனக்குன்னு சக்கரை ஜாஸ்தி போட்டுத் தனியா செஞ்சேன். அன்னைக்குத்தான் கொஞ்ச நேரத்துல வாய்க்கால்ல முழுசா வந்துச்சு. ஸ்பூனே படல. கிண்ணத்து வடிவம்கூட மாறல."

நான் அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில் இல்லை. பொய் உண்மை மாதிரி இருக்கட்டும் என்று வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன்.

"அடுத்த நாள் வேணும்னேதான் கேட்டேன், எப்படிம்மா இருந்துச்சுன்னு. 'இப்பதான்க்கா கரெக்ட்டா இருக்கு'ன்னே." புளியை அள்ளிக்கொண்டு எழுந்தார். "கொட்டுனதுகூட பரவால்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சண்டை ஒன்றும் இல்லை. தெருவில் பார்த்தால் சிரிப்பார், காய்ச்சல் என்றால் வந்து கேட்பார், பிள்ளைகள் ஆன்ட்டி என்று கையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த வருட நோன்பில் சுவருக்கு மேலே கை நீளவில்லை. முதல் நாள் இல்லை, இரண்டாம் நாளும் இல்லை. மற்ற வீடுகளுக்கெல்லாம் கடல்பாசி போனது. ஒரு வாரம் பார்த்துவிட்டு மாமியார்தான் ஆரம்பித்தார். "என்னா, இந்த வருஷம் ஒண்ணையும் காணும்? மரியாதை தெரியாத ஜனங்க" என்றார், நிஜமான மனக்குறையோடு. சாயங்காலம் ஆனால் ஏதாவது சாக்குச் சொல்லிக் கொல்லைப் பக்கம் போய் நிற்பேன். அடுத்த வீட்டில் ஏலக்காய் மணக்கும். அது என்ன ருசி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.