இடது கைக்காரியின் ரவுட்டர் மேசை

பட்டறையில் அவளுக்குப் பீச்சாங்கை என்றே பெயர். வைத்தவன் கூடப்பிறந்த அண்ணன். கதவு, ஜன்னல் கோப்பது அவன் வேலை. அவற்றைச் சுற்றி அடிக்கும் பீடிங் சட்டங்களுக்கு ஓரத்தில் வளைவு இழைத்துத் தருவது அவள் வேலை.

மரத்தின் ஓரத்தை இழைக்கும் ரவுட்டர் மேசையின் நடுவே, பிட் என்கிற வெட்டலகு தலையை நீட்டிக்கொண்டு சுற்றும். பலகையை வலமிருந்து இடமாகத்தான் தள்ள வேண்டும். அப்போதுதான் பிட் எதிர்த்துக் கடிக்கும், பலகை அடங்கி நடக்கும். மாற்றித் தள்ளினால் பலகையைப் பிடுங்கி எறியும். கையையும் சேர்த்து இழுக்கும். அவள் உடம்புக்கோ எப்போதும் மறுபக்கம்தான் வாகு. ஒவ்வொரு முறையும் அதோடு வழக்காடித்தான் வலப்பக்கம் போய் நிற்பாள். பொழுது சாய்வதற்குள் தோள்வலியைவிட அந்த வழக்குதான் ஆளை ஓய்த்துவிடும்.

அன்று இரவாகியும் ஒரே ஒரு பீடிங் பாக்கி. கதவு செய்யச் சொன்ன வீட்டுக்காரர் விடிந்ததும் அதை வாங்க வந்து நிற்பார்.

"ஒல்லியா அறுத்துத் தரேன், அப்படியே ஓட்டிடு. சட்டுனு முடிஞ்சிடும்," என்றான் அண்ணன்.

"ஒல்லிக் கட்டை அதிரும்ணே. விரலும் பிட்டுகிட்ட போயிடும். அகலப் பலகையிலேயே ஓரத்தை இழைச்சுட்டு அப்புறம் அறுத்துக்கலாம்."

"மகாராணி சொன்னா சரிதான்."

பலகையை அழுத்தும் தள்ளுகட்டையை எடுத்தாள். சுவிட்சைப் போட்டாள். தூக்கக் கலக்கத்தில் கண் எரிந்தது. பலகையைத் தள்ளிய பிறகுதான், தான் இடப்பக்கம் நிற்பது உறைத்தது. அதற்குள் பலகை பறந்துபோய்ச் சுவரில் மோதி விழுந்தது. தள்ளுகட்டையின் முனை சிதறியிருந்தது. விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எல்லாம் இருந்தன.

அண்ணன் ஓடிவந்து சுவிட்சை அணைத்தான். அவள் கையைப் புரட்டிப் பார்த்தான். பிறகு குனிந்து பலகையை எடுத்தான்.

"ஒரு ஓரம்தான் போச்சு. மறுபக்கம் நல்லாத்தான் இருக்கு. நகரு, நான் ஓட்டுறேன்."

"உனக்கு மட்டும் என்ன தெம்பு வழியுதாக்கும்? நிக்கவே முடியாம சுவரைப் பிடிச்சுட்டு இருக்க."

"காலையில வந்து நிப்பாரே, என்னத்தச் சொல்ல?"

அவள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இனி யாரும் ஓட்டாதபடி ஸ்பேனரால் பிட்டைக் கழற்றினாள். அதைப் பார்த்த அண்ணன் போனை எடுத்தான்.

"ஐயா, கதவு காலையில ஆகாதுங்க... இல்லைங்க, மரமெல்லாம் இருக்கு. எங்களுக்குத்தான் முடியல."

மறுமுனையில் வசவு நீண்டது. அவள் மரத்தூள் மேலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.