மூன்று நாள் உடம்பு

பதினேழாம் எண் பேருந்தின் ஓட்டுநரைப் பணிமனையில் எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்துநான்கு வருடமாக அவர் ஓட்டிய வண்டியில் நின்றுகொண்டு போன யாரும் முன்கம்பியில் மூக்கை இடித்துக்கொண்டதில்லை. நிறுத்தம் கண்ணில் படுவதற்கு முன்பே கால் பிரேக்கைத் தொட்டிருக்கும். வண்டியிடம் இவ்வளவு பொறுமை காட்டிய மனிதர் தன் உடம்பை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை சடன் பிரேக் போட்டு நிறுத்திப் பழகியிருந்தார்.

நாற்பதைத் தாண்டிய ஓட்டுநர்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை உண்டு. ரத்த அழுத்தம் நூற்றைம்பதைத் தாண்டினால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாட்களைப் பணிமனையில் 'பரீட்சை வாரம்' என்பார்கள். அப்போது ஓய்வறைக்குள் நுழைந்தால் ஏதோ மடத்துக்குள் வந்துவிட்டதுபோல இருக்கும். வறுவல் பொட்டலத்தை யாரும் பிரிக்கமாட்டார்கள். பச்சைப் பூண்டைக் கண்ணீரோடு மென்று விழுங்குவார்கள். சான்றிதழ் கைக்கு வந்த அன்று மாலையே உணவகத்தில் இரண்டு தட்டு பொரித்த கறி மேசைக்கு வந்துவிடும். நிதானம் பதினொரு வருடம் இப்படித்தான் தேறினார். பாக்கி முந்நூற்று அறுபத்திரண்டு நாட்களும் யாருடைய கணக்கு என்று அவர் யோசித்ததே இல்லை.

அந்த நாட்கள் எப்படிப் போயின என்பதையும் சொல்ல வேண்டும். காலை ஐந்து மணிக்கு வண்டியை எடுத்தால் மதியம் ஒரு மணி வரை தண்ணீர் குடிக்கமாட்டார். பதினேழின் கடைசி நிறுத்தம், ஒரு பஞ்சர் கடையைத் தவிர, வெட்டவெளி. பொதுக் கழிப்பறை கிடையாது. அந்தத் தடத்தில் ஓட்டிய எல்லோருக்கும் தாகத்தை அடக்குவது தொழிலின் ஒரு பாகமாகவே ஆகிவிட்டிருந்தது. மூன்று மணிக்கு வீடு வந்து, பசியில் கண் தெரியாமல் சாப்பிட்டு, கை காய்வதற்குள் படுத்துவிடுவார்.

இந்த வருடம் மூன்று நாள் போதவில்லை. பரிசோதனைக்கு முந்தைய மாலை மருந்துக்கடைக் கருவி நூற்று அறுபத்தெட்டு என்றது. அவருடைய வண்டியின் நடத்துனர் சட்டைப் பையிலிருந்து மாத்திரைகள் வைத்த ஒரு காகித மடிப்பை எடுத்தார்.

"என் மச்சான் தினமும் ஒண்ணு போடறான், அண்ணே. நீங்க ராத்திரி ஒண்ணு, காலையில ஒண்ணு போடுங்க. பிரஷர் பயந்து ஓடிடும்."

அழுத்தம் உண்மையிலேயே ஓடிவிட்டது. மறுநாள் பத்து மணிக்கு டாக்டரின் கருவியில் வெறும் தொண்ணூற்றிரண்டு. சட்டையைப் போட எழுந்தவர் கண் இருட்டி, பக்கத்திலிருந்த துணித் தடுப்பைப் பிடிக்க, அவரும் தடுப்பும் சேர்ந்து தரையில் விழுந்தார்கள்.

டாக்டரம்மா அவரைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தார். "என்ன மாத்திரை போட்டீங்க?"

பொய் சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை. சொன்னார்.

"இன்னிக்குக் காலையில வண்டி ஓட்டினீங்களா?"

"ரெண்டு நடை."

"எத்தனை பேர் இருந்திருப்பாங்க?"

அவர் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். வழக்கமான கூட்டம்தான், அறுபது பேர் இருக்கும். பள்ளிக்கூடப் பைகள் எல்லாம் இன்ஜின் மேல்தான் கிடந்தன.

ஒரு வாரம் கழித்து, எந்த வித்தையும் இல்லாமல் அளந்தபோது நூற்று எழுபத்தெட்டு. மூன்று மாதம் வண்டி கிடையாது, பேருந்து நிலையத்து நேரக் கூண்டில்தான் வேலை. மறுபடியும் தவறினால் ஓய்வு பெறும்வரை அந்தக் கூண்டிலேயே உட்கார்ந்து, வண்டிகள் போகும் வரும் நேரத்தை எழுத வேண்டியதுதான். கூண்டில் அவர் தாங்கமாட்டாத ஒன்று இருந்தது. தினமும் வேறு எவனோ கியரைக் கரகரவென்று மாற்ற, பதினேழாம் எண் அவர் கண்ணெதிரே புறப்பட்டுப் போகும்.

அவருடைய மனைவி வீட்டில் பள்ளிச் சீருடை தைப்பவர். "மூணே நாள்ல உடம்பை மாத்திடலாம்னா நான் எதுக்குங்க ஒவ்வொரு தையலாப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்? கோந்து போட்டு ஒட்டியிருக்கமாட்டேன்?" என்றார், தலையைத் தூக்காமல்.

நிதானம் மறுநாளே நடக்கப் போனார். வைராக்கியத்தில் ஒன்றரை மணி நேரம் நடந்தார். முழங்கால் பூசணிக்காய்போல வீங்கி, நான்கு நாள் படுக்கை.

"நடக்கறதையும் பரீட்சை வாரம் மாதிரியே நடந்திருக்கீங்க" என்று மனைவி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சிரித்தார்.

அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. குறுக்குவழியை விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அதே வேகத்தில்தான் போயிருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. பிறகு இருபது நிமிடம் மட்டும் நடந்தார். வீட்டில் உப்பு பாதியானது. முதல் மாதம் எல்லாம் ஈரக் காகிதம் தின்கிற மாதிரி இருந்தது. சாப்பாட்டுப் பெட்டி கூண்டுக்கே வந்து, மதியம் ஒரு மணிக்குத் திறந்தது. பத்து மணிக்குள் தூக்கம். பெருமையாகச் சொல்லிக்கொள்ள இதில் ஒன்றுமே இல்லை. ஒரு நாள் செய்ததற்கு மறுநாள் எந்த அடையாளமும் தெரியவில்லை. பழக்கத்தின் கொடுமையும் அதுதான், நியாயமும் அதுதான்.

தண்ணீர்தான் சிக்கல். கூண்டுக்குப் பக்கத்தில் கழிப்பறை உண்டு, குடிக்கலாம். வண்டிக்குத் திரும்பினால்? ஒரு விடுமுறை நாளில் பயணியாகவே பதினேழில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினார். அங்கே அந்தப் பஞ்சர் கடை. கடைக்குப் பின்னால் தகரக் கதவு போட்ட கழிப்பறை. பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கேட்கக் கூச்சம். டயர்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டார்.

பஞ்சர்க்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கியபடியே சொன்னார்: "இருபது வருஷத்துக்கு மேல என் கடை முன்னாடிதான் வண்டியைத் திருப்பறீங்க. இதைக் கேக்க இவ்வளவு நாளா? நீங்களெல்லாம் வேற மாதிரி ஆளுங்கன்னு நான் நெனச்சேன்."

"வேற மாதிரின்னா?"

"இந்தத் தொல்லையெல்லாம் இல்லாத ஆளுங்கன்னு."

மூன்று மாதம் முடிகிற மாலை மருந்துக்கடைக் கருவியில் நூற்று ஐம்பத்திரண்டு. இவ்வளவுக்கும் பிறகு இரண்டு புள்ளி அதிகம். நடத்துனர் கூடவே வந்திருந்தார்.

"அடிமேல் அடி வச்சா அம்மியும் நகரும்னு சொல்லுவாங்க. அம்மி நகந்திடுச்சு அண்ணே, வாசப்படிதான் தட்டுது. அரை மாத்திரை போடுங்க, தாண்டிடும்."

காகித மடிப்பு மறுபடியும் நீண்டது. நிதானத்துக்குக் கை நீட்ட ஆசையாகத்தான் இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. நேரக் கூண்டின் நாற்காலி கண் முன்னால் வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்ஜின் மேல் கிடந்த பைகளும் வந்தன.

"வேணாம்யா. நாளைக்கு அந்தம்மா என்னைத்தான் அளக்கணும். உன் மச்சானை இல்ல."

மறுநாள் டாக்டரம்மா இரண்டு முறை அளந்தார். நூற்று ஐம்பது. பத்து நிமிடம் கழித்து நூற்று நாற்பத்தெட்டு.

"ஆறு மாசத்துக்குத்தான் தருவேன். மாசம் ஒருதரம் வந்து காட்டணும். தினமும் ஒரு மாத்திரையும் எழுதறேன்."

நிதானத்தின் முகம் வாடிவிட்டது. "இவ்வளவு செஞ்சும் மாத்திரையா, டாக்டர்?"

"இவ்வளவு செஞ்சதாலதான் சின்ன மாத்திரை. தினமும் போட்டா அது குறுக்குவழி இல்ல. நடையையும் விடக்கூடாது, மாத்திரையையும் விடக்கூடாது."

வெளியே நடத்துனர் காத்திருந்தார். "பாஸா?"

"ஆறு மாசம்."

"என்னண்ணே இது! பூண்டு தின்ன வருஷமெல்லாம் முழுசா ஒரு வருஷம் கெடச்சுது. மூணு மாசம் வாயைக் கட்டினதுக்குப் பாதிதானா?"

நிதானம் சான்றிதழை இன்னொரு தடவை படித்தார். வீட்டுப் பெட்டியில் முழு வருடத்துக்கான பதினொரு சான்றிதழ்கள் இருந்தன. ஒவ்வொன்றும் மூன்று நாள் மட்டும் உயிரோடு இருந்த ஒரு மனிதனுக்குக் கொடுத்தது. கையிலிருந்த இதில்தான் முதன்முறையாக அவருடைய சொந்த எண் இருந்தது. அது அப்படியொன்றும் நல்ல எண்ணும் இல்லை.

"பாதிதான்யா. ஆனா இது என்னோடது" என்று சொல்லிவிட்டு, நாளைக் காலை முதல் நடைக்குக் கையெழுத்துப் போடப் பணிமனைக்கு நடந்தார்.