செம்புத் தகட்டில் மூன்று எழுத்து

1

அந்த ஆள் தகட்டை மேசைமேல் வைத்ததும் நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பித்தளையாக இருந்தால் பயமில்லை. டாக்டர் வீட்டு நேம் போர்ட் பித்தளையில்தான் வெட்டுவோம். இது செம்பு. கையகலத்துக்கு நறுக்கி, நாலு மூலையிலும் ஓட்டை போட்டிருந்தது. செம்புத் தகட்டை வேறு எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை.

பதுளைக் கடைவீதியில் எனக்கு எழுத்து வெட்டும் கடை. குடத்தில் பேர், கோயில் மணியில் உபயம் செய்தவர் பேர், ஸ்கூல் கப், ஷீல்ட் எல்லாம் செய்வேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் என்பதால் எழுத்துப் பிழை வந்துவிடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு. அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வெட்டும் முன் வாய்விட்டுப் படிப்பேன், கஸ்டமரும் கூடப் படிக்க வேண்டும். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் ஓடும். படிக்க முடியாததை வெட்டுவதில்லை. எந்திரத் தகடு கேட்டு வருபவர்களைக் கோயில் ஐயரிடம் அனுப்பிவிடுவேன்.

அந்த ஆளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் செல்வநாயகம், ஊர் மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டம் என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். மூன்றே எழுத்து. இடது பக்கம் இருந்தது சூலம் மாதிரி மூன்று கிளையோடு நின்றது. நடுவில் இருந்தது தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி மாதிரி வளைந்திருந்தது. கடைசியில் இருந்ததற்கு ஒரு கால் கோட்டுக்குக் கீழே தொங்கியது.

"இத அப்படியே வெட்டிக் குடுங்கண்ணே."

"படிச்சுக் காட்டுங்க தம்பி."

"படிக்கத் தெரியாதுங்க."

"என்னா பாஷ இது?"

அவர் என் தலைக்கு மேல் இருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். "சாமி காரியம்ணே. நல்லதுக்குத்தான்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தகட்டையும் தாளையும் வைத்துவிட்டு நடந்துவிட்டார்.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடை மணியம் கிளாஸைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். ஈரக் கையோடு வந்து தாளை எட்டிப் பார்த்தான்.

"சூலம், கத்தி, தொங்குற ஒண்ணு. இன்னும் என்னண்ணே வெளக்கம் வேணும்? பொதைக்கிற தகட்டக்கூட எடுத்துரலாம். ஓட்ட போட்டு ஆணி அடிக்கிறது இருக்கே, அது ஆள முடிக்கிறதுக்கு."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாதுதான். ஆனா நல்ல காரியம்னா எதுக்கு முழிக்கிறான்?"

நான் தாளை மடித்துத் தகட்டுக்கு அடியில் வைத்தேன்.

வீட்டில் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஏழு மாதம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்து என் மனைவி காமாட்சி விஷயத்தைக் கறந்துவிட்டாள். கேட்டு முடித்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"புள்ளத்தாச்சிய வீட்டுல வச்சுக்கிட்டு, யாருக்கு வைக்கிற வெனையோ, அத நீங்க ஒங்க கையால வெட்டுவீங்களா? வெட்டுனவன் வீட்டுக்குத்தான் மொதல்ல வருமாம்."

அன்றிலிருந்து மகள் இருமினாலும் எனக்குத் தகடு ஞாபகம் வந்தது. அவள் சோறு வேண்டாம் என்று சொன்னாலும் அதே ஞாபகம்தான். இத்தனைக்கும் நான் இன்னும் உளியையே எடுக்கவில்லை.

2

செல்வநாயகம் திரும்ப வந்தபோது தகட்டைத் தாளில் சுற்றித் தயாராக வைத்திருந்தேன்.

"என்னால முடியாது தம்பி. எடுத்துட்டுப் போயிருங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. "மொதல்ல போன கடையிலயும் இதத்தான் சொன்னாங்க. அங்க உள்ளதச் சொன்னேன், மாட்டேன்னுட்டாங்க. இங்க சொல்லாமப் பாத்தேன், நீங்களும் மாட்டேங்கிறீங்க."

"உள்ளது என்னான்னு சொல்லுங்க, கேப்போம்."

கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். அவர்கள் சில குடும்பம் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறியவர்கள். தோட்டத்தில் புதிய பிள்ளைக்காம்பரா கட்டியதால், வேலைக்குப் போகும் பெண்கள் முன்பு குழந்தைகளை விட்டுப்போன பழைய கட்டடம் சும்மா கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு அதைப் பாவிக்கத் தோட்டத்தை நடத்தும் துரை அனுமதித்திருக்கிறார். மற்ற நாளில் அங்கே சீட்டும் சாராயமும்தான். இது அதற்கான இடமில்லை என்று தெரிய கதவில் ஒரு தகடு வேண்டும் என்று அவர்களின் பாஸ்டர் சொன்னாராம். எழுத்து எபிரேயு, வேதத்தின் பழைய பாஷை.

"செம்பு எதுக்கு?"

"பேக்டரியில பழைய துண்டு கெடந்துச்சுண்ணே. கேட்டு வாங்குனேன்."

"என்னா எழுதியிருக்கு?"

"கோதேஷ்னு வாசிக்கணுமாம். பரிசுத்தம்."

"பரிசுத்தம்னா?"

அவருக்கு அதற்கு மேல் தெரியவில்லை. அர்த்தம் தெரியாமல் கதவில் அடிக்கப் போகிறாரா என்று எனக்கு மறுபடி சந்தேகம். பாஸ்டருக்குப் போன் போட்டுத் தரச் சொன்னேன்.

பாஸ்டர் சாவகாசமாகப் பேசினார். "பரிசுத்தம்னா சுத்தம்னு நெனைச்சுக்குறோங்க. அந்த வார்த்தைக்கு அடியில உள்ள அர்த்தம் தனியா எடுத்து வைக்கிறதுன்னு படிச்சவங்க சொல்றாங்க. அந்தக் காலத்துல கோயில்ல பலி செலுத்துற பெரிய ஆசாரியர் தலப்பாகையில, இது ஆண்டவருக்குன்னு இதே வார்த்தைய வெட்டுன பொன் தகடு கட்டியிருப்பாரு. அந்தத் தகட்டையும் ஒங்கள மாதிரி ஒருத்தர்தான் வெட்டியிருப்பாரு."

அந்தக் கடைசிப் பேச்சில் நான் மயங்கவில்லை. ஆளை இளக்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தனியா வைக்கிறதுன்னா, ஓடிப்போய்க் கலியாணம் பண்ணுனவங்கள லயத்துல ஒதுக்கி வைப்பாங்களே, அப்பிடிங்களா?"

அவர் சிரித்தார். "அது வேணாம்னு ஒதுக்குறதுங்க. இது வேணும்னு ஒதுக்குறது."

போனை வைத்த பிறகும் முழு நம்பிக்கை வரவில்லை. போனில் யார் வேண்டுமானாலும் நல்லவராகப் பேசலாம். கடைசியில் ஒரு நிபந்தனை சொன்னேன். வெட்டுகிறேன், ஆனால் தகட்டைக் கையில் தரமாட்டேன். நானே கொண்டு வந்து, அவர் சொன்ன கதவில்தான் அடிப்பேன்.

காமாட்சி அதற்கு ஒரு வழியாகச் சம்மதித்தாள். "போய்ப் பாருங்க. அங்க மண்ணுல குழிகிழி தோண்டியிருந்தா, தகட்டோட திரும்பி வந்துருங்க."

3

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு மடுல்சீமை பஸ் ஏறினேன். பையில் தகடு, சுத்தியல், உளி, ஆணி. பாதுகாப்புக்கு இரண்டு எலுமிச்சம்பழம் போட்டு அனுப்பியிருந்தாள் காமாட்சி.

செல்வநாயகம் வந்து கூட்டிப்போனார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் தலை வாரிக்கொண்டிருந்த பெண்கள் என்னைக் கண்டதும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பழைய பிள்ளைக்காம்பராக் கதவில் தகட்டை வைத்து அளவு பார்த்தேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் அரை லயம் நின்றது.

முன்னால் நின்றவர் பாக்கியம் என்ற அம்மா, ஒட்டியிருந்த அடுத்த காம்பராவில் குடியிருப்பவர்.

"சாமி எந்த ஊருங்க?"

"சாமி இல்லம்மா. பதுளையில பேர் வெட்டுற கடை."

"பையில எலுமிச்சம்பழம் தெரியுதே."

கூட்டத்தில் ஒரு கிழவர், "தாகத்துக்குக் கொண்டாந்துருப்பாரு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"யாரு மேல தகடு அடிக்கிறீங்க?" என்றார் பாக்கியம். "இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் என் மருமக படுத்திருக்கா. புள்ளத்தாச்சி. ஏதாச்சும் ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

வேறு ஊர், வேறு அம்மா, ஆனால் காமாட்சி பேசுவது போலவே இருந்தது.

லயத்துத் தலைவர் வந்தார். "சண்ட வந்தா துரை கட்டடத்தப் பூட்டிருவாரு. ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிரும். என்னா எழுதியிருக்குன்னு ஒழுங்காச் சொல்லுங்க."

செல்வநாயகம் பரிசுத்தம் என்று ஆரம்பித்தார். யாரும் காது கொடுக்கவில்லை. நான் குறுக்கிட்டேன். "சாமிக்குன்னு ஒரு கெடாவ நேந்து விடுவோம்ல. அத யாரும் அடிக்க மாட்டாங்க, விக்க மாட்டாங்க. அந்த மாதிரி இந்த எடத்த நேந்து விட்டதுன்னு எழுதியிருக்கு."

"நேந்து விட்டா வெட்டணுமே" என்றார் பாக்கியம். "எத வெட்டப் போறீங்க?"

நல்லது சொல்லப் போய்க் கெட்டதாகிவிட்டது. பின்னால் நின்றவர்கள் ஒரு அடி முன்னால் வந்தார்கள். செல்வநாயகம் தகட்டை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று கண்ணால் கெஞ்சினார். எனக்கும் பஸ்ஸைப் பிடித்தால் போதும் என்றிருந்தது. ஆனால் அப்படிப் போனால், தகடு வைக்க வந்தவன் மாட்டிக்கொண்டு ஓடினான் என்றுதான் பேச்சு வரும். அந்தப் பிரசவம் முடியும்வரை இந்த அம்மாவுக்குத் தூக்கம் இருக்காது, எனக்கும்தான்.

"யம்மா, என் மகளுக்கும் ஏழு மாசம்" என்றேன். "வீட்டுலதான் இருக்கா. நீங்க கேட்ட அத்தனையும் என் பொஞ்சாதி கேட்டா. நானும் நம்பல. அதான் தகட்ட இவருகிட்டக் குடுக்காம நானே வந்தேன். கெட்டதுன்னு ஒரு துளி நெனைச்சிருந்தா என் புள்ளைய வச்சுக்கிட்டு இத வெட்டியிருப்பேனா?"

பாக்கியம் என் முகத்தையே பார்த்தார். "தலப்புள்ளயா?"

"ஆமாங்க."

"கால் வீங்குதா?"

"கொஞ்சம்."

"உப்பக் கொறைக்கச் சொல்லுங்க. கிளினிக்குக்குத் தவறாமப் போகச் சொல்லுங்க." பிறகு கதவைக் காட்டினார். "அடிங்க. ஆனா கீழ தமிழ்லயும் வெட்டுங்க. எங்களுக்குப் படிக்கத் தெரியாதது எங்க லயத்துல இருக்கக் கூடாது."

அது என் கடைச் சட்டம்தான். மறுத்துப் பேச முடியுமா?

என்ன வெட்டுவது என்பதில் பெரிய பேச்சு நடந்தது. பரிசுத்தம் வேண்டாம், அது குடிகாரர்களுக்கு விளங்காது என்றார் தலைவர். கடைசியில் பாக்கியமே சொன்னார்: "இது சாமிக்கு மட்டும்னு போடுங்க. எந்தச் சாமின்னு உள்ள போறவங்க பாத்துக்கட்டும்."

வாசற்படியில் உட்கார்ந்து, அந்த மூன்று எழுத்துக்குக் கீழே சின்னதாக வெட்டி, தகட்டைக் கதவில் அடித்தேன். வெட்டும் முன் வழக்கம்போல வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். லயமே சேர்ந்து படித்தது. பாக்கியம் வீட்டுச் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்தும் ஒரு பெண் குரல் கேட்டது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்று உண்டு. என்ன எழுத்து என்று கேட்பது பாதி வேலைதான். அது யார் கண்முன்னால் இருக்கப் போகிறது என்றும் கேளுங்கள். அவர்களுக்கும் படிக்க ஒரு வரி வெட்டிக் கொடுங்கள்.

பயம் அதோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அந்தத் தகட்டை வெட்டிய உளியைத் தனி டின்னில் போட்டு மூடி வைத்தேன், வேறு எந்த வேலைக்கும் எடுக்கவில்லை. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகி, குழந்தைக்குப் பேர் வைத்த அன்றுதான் வெளியே எடுத்தேன். பேத்திக்குப் பால் புகட்டும் பாலாடையில் அவள் பேரை வெட்டினேன். வெட்டும் முன் வாய்விட்டுப் படித்தேன். மகளும் கூடப் படித்தாள்.