அம்மா காவல் இருந்த கொட்டகை

வஜ்ஜிரப் பசை கொதிக்கிற நாற்றம் தெருவில் கிளம்பினால் அன்று சனிக்கிழமை என்று அர்த்தம். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சர்ச்சும் அதன் பின்புறம் ஓர் ஓலைக் கொட்டகையும் இருந்தன. அறுபதுகளின் கடைசியில் கிரேஸ் அக்கா என்ற இளம்பெண் அங்கே தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக்கொண்டு, வண்ணப்பொடியில் பசையைக் கலந்து பழைய வேட்டியில் நாடகத் திரை எழுதவும், காகிதக் கூழில் பொம்மைத் தலை செய்யவும், நடிக்கவும் சொல்லிக்கொடுத்தார். சபை அவரைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தது. அதற்கு "ஊழியம்" என்று பெயர். எங்கள் தெரு அதற்கு வைத்த பெயர் "ஆள் புடிக்கிறது".

அப்பா எதையும் கண்டுகொள்ள மாட்டார். அவருக்கும் சேர்த்து அம்மா சந்தேகப்படுவாள். ஒருத்தி ஊர்ப் பிள்ளைகளுக்குச் சும்மா சொல்லித்தருகிறாள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்பது அவள் தீர்மானம். பால் பவுடர் கொடுத்தார்களா, பேரை மாற்றிக் கூப்பிட்டார்களா, கண்ணை மூடச் சொன்னார்களா என்று வாராவாரம் விசாரணை நடக்கும். எனக்கோ அந்தக் கொட்டகைதான் உலகம். அதற்குப் போக முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் பதிலை அளந்து அளந்து சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை, திரைக்குப் பூசக் குழைத்த சுண்ணாம்பு என் தலையில் கொட்டிவிட்டது. கண்ணில் இறங்கிவிடுமே என்று பதறிய கிரேஸ் அக்கா என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் குனியவைத்து, "ஆண்டவரே, ஆண்டவரே" என்றபடியே சொம்பு சொம்பாகத் தலையில் தண்ணீர் ஊற்றினார். மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்த அம்மா வேலிக்கு வெளியே இருந்து பார்த்தது அதைத்தான். தலையில் தண்ணீர் ஊற்றித்தான் வேதத்தில் சேர்ப்பார்கள் என்பது தெருவுக்கே தெரிந்த விஷயமாயிற்றே!

"இன்னாமா பண்ற எம் பொண்ண? வேதத்துல சேத்துட்டியா?"

"சுண்ணாம்பு கொட்டிடுச்சுக்கா! கண்ணு போயிடுமேன்னுதான்..."

"சுண்ணாம்பு கழுவ ஆண்டவர இன்னாத்துக்குக் கூப்புட்ற?"

வீட்டுக்கு இழுத்துப்போய் மஞ்சள் தண்ணீரில் என்னை மறுபடி முழுகவைத்தாள். நான் சோறு வேண்டாமென்று அழுது அடம்பிடித்ததில் ஒருவழியாக இறங்கிவந்தாள். ஆனால் இனிமேல் அவளும் கூட வருவாளாம்.

வந்தாள். கொட்டகை வாசலில் முறமும் அரிசியுமாக உட்கார்ந்து, கல் பொறுக்குகிற சாக்கில் கிரேஸ் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷத்து நாடகத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவனைப் பெரிய மனிதர்களெல்லாம் தாண்டிப் போவார்கள். யாரும் வீட்டுக்குள் சேர்க்காத ஒரு ரிக்‌ஷாக்காரன்தான் தூக்கிப்போய்க் காப்பாற்றுவான். நான்தான் ரிக்‌ஷாக்காரன். ஒத்திகையில் அம்மா, "ஒரு பாவியாவது நிக்கிறானா பாரு" என்று மூக்கைச் சிந்தினாள். அப்பாவின் பழைய காக்கிச் சட்டையை எனக்காகப் பிரித்துத் தைத்தாள். அந்த நாடகம் இயேசு சொன்ன கதை என்று எனக்கே காலேஜுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

சந்தேகம் எங்கள் தெருவுக்கு மட்டும் சொந்தமில்லை. இவ்வளவு நாள் ஊழியம் செய்தும் ஒரு பிள்ளைகூட ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரவில்லையே என்று சபைக் கமிட்டியும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நாடகம் முடிந்த வாரத்தில், கோட்டுப் போட்ட கமிட்டிக்காரர் ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, உங்க பொண்ணுக்கு அங்க ஜெபம், வசனம் ஏதாவது சொல்லிக்குடுத்தாங்களா?"

தெருவில் யாரோ புகார் சொல்லித்தான் இவர் வந்திருக்கிறார் என்று அம்மா நினைத்துவிட்டாள். கிரேஸ் அக்காவை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டுமென்று படபடவென்று பேசினாள்.

"சத்தியமா இல்ல சார். வாராவாரம் நான் அங்கியே குந்திகினு பாத்தேன். சாமி பேரக்கூட எடுக்கல. தங்கமான பொண்ணு சார், அத ஒண்ணும் சொல்லாதீங்க."

அவர் "சரிம்மா" என்று போய்விட்டார். கமிட்டிக்கு அந்தச் சாட்சி ஒன்றே போதுமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை பசை நாற்றம் வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் கொட்டகையில் பூட்டு. கிரேஸ் அக்காவை ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இன்று கொட்டகை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அஸ்தினாபுரத்தில் என்னோடு இருக்கும் அம்மாவை ஆட்டோவில் அந்தப் பக்கம் கூட்டிப்போகும்போதெல்லாம் அவள் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பாள்.

"அந்தப் பொண்ண யாரோ போட்டுக்குடுத்துட்டாங்கடி. எனக்கு அப்பவே சந்தேகம்."

நான் அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுப்பேன்.

"யாருன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா, சும்மா வுட்டிருப்பேனா?"