சர்வே எண் இல்லாத தீவு

புறம்போக்கு நிலத்தில் இறங்கித் தங்க விரும்புகிறவர், அந்நிலத்தின் சர்வே எண்ணையும் நான்கு எல்லைகளையும் குறிப்பிட்டு, தக்க அதிகாரியிடம் எழுத்து மூலம் முன் அனுமதி பெற வேண்டும். நான் உத்தியோகத்தில் சேர்ந்த காலத்தில் எனக்கு மனப்பாடமாகியிருந்த விதிகளில் இதுவும் ஒன்று. இதைக் கண்ணெதிரே மீறியவர் என்று நான் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர். அவர் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர். அவர் உண்மையிலேயே மீறினாரா என்பது இன்றும் எனக்கு முழுதாகத் தீராத கேள்வி. அந்தக் கேள்வியின் நினைவாக என் மேசைமேல் தேங்காய் அளவில் ஒரு கருங்கல் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் மட்டும் கரி ஏறியிருக்கிறது. மின்விசிறிக் காற்றில் என் பென்ஷன் காகிதங்கள் பறக்காமல் பார்த்துக்கொள்வது இப்போது அதன் வேலை. வருகிறவர்கள் செஞ்சிக் கோட்டையிலிருந்து எடுத்த கல்லா என்று கேட்பார்கள். கோட்டைக் கல் இல்லை. பக்கத்துக் குன்றின் கல். ஆனால் செஞ்சியில் பிறந்த பலரைவிட அது அதிக தடவை கடலைப் பார்த்திருக்கிறது.

யுத்தம் முடியாத வருஷங்கள். செஞ்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் குமாஸ்தா. வருகிற மனுக்களுக்கு எண் போட்டு, முத்திரை குத்தி, மேலே அனுப்புவது என் பொறுப்பு. மேலே போனவை திரும்பி வருவது என் பொறுப்பில் சேராது. ஒரு நாள் டீச்சர் பெரிய கறுப்புக் குடையோடு வந்து நின்றார். நாற்பதை நெருங்கிய வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், பக்கத்துக் கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பம். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு மனுவை நீட்டினார். கடற்கரைக் கழிமுகத்தில், மழைக்காலம் முடிந்ததும் ஒரு மணல்திட்டு தீவாக மேலெழுமாம். மாசி பங்குனியில் அங்கே பூநாரைகள் இறங்கும். கடலாமைகள் கரையேறி முட்டையிடும். ஏழாம் வகுப்புப் பெண்களை அங்கே அழைத்துப்போக அனுமதி வேண்டும். யுத்தத்தை முன்னிட்டுக் கடற்கரையில் கெடுபிடி இருந்ததால், முறைப்படி கேட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கிறார். முறைப்படி நடந்தால் காரியம் நடக்கும் என்று நம்புகிறவர்களை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அவர்மேல் எனக்கு மரியாதை ஏற்பட அதுவே முதல் காரணம்.

"சர்வே எண் போடவில்லையே?" என்றேன்.

"போன வருஷம் இருந்த இடத்துல இந்த வருஷம் அது இருக்காது சார். ஆத்துத் தண்ணி வந்து அடிச்சிட்டுப் போனா வேற இடத்துல எழும்பும். எந்த எண்ணைப் போடட்டும், சொல்லுங்க."

எண்ணுக்கான இடத்தில் ஒரு கோடு இழுத்தேன். மனு போயிற்று. திட்டு நிரந்தரமானதா தற்காலிகமானதா, தற்காலிகமானால் எந்தத் தேதி வரை இருக்கும் என்று மேலிடம் கேட்டது. கடலைக் கேட்டுத் தெரிவிக்கிறேன் என்று டீச்சர் எழுதிக் கொண்டுவந்தார். அந்த வரியை எடுத்துவிட்டு, 'பருவநிலையைப் பொறுத்தது' என்று மாற்றி அனுப்பினேன். அதற்குப்பிறகு மேலிடத்திலிருந்து சத்தமே இல்லை.

டீச்சருக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்பது போகப்போகத்தான் புரிந்தது. வகுப்பில் சிங்கவரத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவர்கள் பேச்சில் கல்லக்கா எனப்படும் வேர்க்கடலையைப் பயிரிடுகிற குடும்பம். அவளைச் சித்திரையில் தாய்மாமனுக்குக் கட்டிவைப்பதாக வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். அந்த வயதில் கல்யாணம் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. அது எங்கள் அலுவலக அலமாரியில் பத்திரமாக இருந்தது. டீச்சர் வீட்டுக்கே போய் மன்றாடியிருக்கிறார். "படிச்சு இன்னா பண்ணப் போவுது டீச்சரம்மா? இந்த மலையைத் தாண்டி அதுக்கு இன்னா வேலை?" என்று தகப்பன் கேட்டாராம். "ஒரு தடவை தாண்டிக் காட்டறேன். அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். இவரை எப்படியாவது வாசலோடு அனுப்பிவிட நினைத்த அந்த மனிதர், நாலு பேர் கேட்க, "சர்க்கார் சீலு வச்ச காயிதம் கொண்டாங்க, அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டார். அப்படி ஒரு காகிதம் வராது என்பதில் அவருக்கு என் அளவுக்கே நம்பிக்கை இருந்தது.

மாசி பாதி போயிற்று. பதில் வரவில்லை. டீச்சர் கேட்டார், "அதுவரைக்கும் தர்றதுக்கு உங்க முறையில எதுவுமே இல்லையா?" இருந்தது. மனு கிடைத்தது என்பதற்கு ஓர் அத்தாட்சி கொடுக்கலாம். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். யாரும் கேட்பதில்லை. எழுதி, ஊதா மையில் வட்ட முத்திரை குத்திக் கொடுத்தேன். மறுநாளே தகப்பன் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். வேட்டியில் செம்மண், கையில் அந்தக் காகிதம்.

"இது நெஜமான சீலுதானா ஐயா?"

"முத்திரை நிஜம்தான். ஆனால் இது உத்தரவு இல்லை. மனு வந்தது என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான்."

அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் சீலுதானே கேட்டேன். உத்தரவா கேட்டேன்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஊரே கேட்டுக்கினு இருந்துச்சு. இப்போ மாறிப் பேசினா மூஞ்சியில முழிக்க முடியாது. சரி, நானும் கூட வருவேன். அதுக்கும் சீலு வேணுமா?" வேண்டாம் என்றேன். என்னையும் ஆண்துணையாக வரச் சொன்னார் டீச்சர். உத்தரவில்லாமல் போகலாமா என்று அவர் கடைசியாகக் கேட்டபோது, ஆவணத்தில் இல்லாத இடத்துக்குப் போகக் கூடாதென்று எந்த விதியிலும் இல்லை என்று சொன்னேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் கொடுத்த மிகச் சிறந்த ஆலோசனை அதுதான், குறிப்பேட்டில் ஏறவில்லை.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் பின்பக்கம் கரியடுப்பைச் சுமந்துகொண்டு அதன் வாயுவில் ஓடுகிற அந்தக் காலத்துப் பஸ்ஸில் திண்டிவனம் போய், அங்கே பஸ் மாறி, கடலோரக் கிராமத்து மாதாகோயில் சாமியார் வீட்டில் தங்கினோம். விடிந்ததும் ஒரு படகோட்டி தட்டைப் படகில் எங்களைத் திட்டில் இறக்கினார். முன்னால் கடல், பின்னால் கழி, நடுவில் வெள்ளை மணல். எங்கும் கண்ணை நிறுத்த ஒரு மேடு கிடையாது. கழியின் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு பெண் தும்மினாள். அத்தனையும் எழும்பின. சிறகுக்கு அடியில் இருந்த சிவப்பு அப்போதுதான் தெரிந்தது. நண்டுகளைத் துரத்தி ஓடிய பெண்களின் பாவாடை முழங்கால் வரை நனைந்துவிட்டது. "ஐயோ நைனா, இங்க வந்து பாரு, காலுக்கடியில மண்ணு ஓடுது!" என்று சிங்கவரத்துப் பெண் கத்தினாள். தகப்பன் அலைக்கு எட்டாத தூரத்தில் நின்று, "ஓடறது மண்ணு இல்ல, உன் புத்தி. மேல வா" என்றார். ஆனால் சிரித்துவிட்டார்.

பசி வந்தபோது எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத தவறு வெளிப்பட்டது. அரிசி, பருப்பு, பானை, விறகு, தண்ணீர்க் குடம் எல்லாம் வந்திருந்தன. அடுப்புக் கூட்ட மூன்று கல் இல்லை. செஞ்சியில் கல்லை யாரும் எடுத்துக்கொண்டு போவதில்லை. போகிற இடத்தில் அது காத்திருக்கும். ஆட்டைக் கட்டுவது கல்லில், ஓட்டின்மேல் பாரம் கல், வண்டிச் சக்கரத்துக்கு அணை கல். திரும்பிய பக்கமெல்லாம் கூடை கூடையாகக் கொட்டிவைத்தது போலக் குன்றுகள். தகப்பன், "இருங்க, எடுத்தாறேன்" என்று சாவகாசமாகக் கிளம்பினார். திட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். வெறுங்கையோடு திரும்பினார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. கடலைப் பார்த்துக்கூட அவர் அப்படித் திகைக்கவில்லை.

"இன்னா ஊருங்க இது? ஒரு கல்லு இல்ல!"

"நான் எல்லாத்தையும் பட்டியல் போட்டேன் சார்" என்றார் டீச்சர். "கல்லு மட்டும் தோணவே இல்ல." விதி தெரிந்த எனக்கும் தோன்றவில்லை.

குழி வெட்டி அடுப்பாக்கலாம் என்று தகப்பன் உட்கார்ந்து கையாலேயே மணலை வாரினார். முழங்கை ஆழத்தில் கை நின்றது. மெல்ல விரலால் துழாவி, வெள்ளையாக, உருண்டையாக, எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிதாக ஒன்றை எடுத்தார். கீழே இன்னும் நிறைய இருந்தன. எல்லோரும் சூழ்ந்துகொண்டோம். படகோட்டி எட்டிப் பார்த்து, "ஆமை முட்டை. கூடையைக் கொடுங்க, நல்ல விலை போவும்" என்றார். தகப்பன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

"கல்லக்கா மாதிரியே மண்ணுக்குள்ள வச்சிருக்குது பாரு" என்றார் மகளிடம். பிறகு டீச்சரிடம், "தாய் எப்போ வரும்?"

"வராது. முட்டையிட்டு மூடிட்டு அன்னிக்கே கடலுக்குப் போயிடும்."

"அப்போ குஞ்சுங்களுக்கு வழி காட்டறது யாரு?"

"யாரும் இல்ல. தானா மண்ணைக் கிளறிக்கினு மேல வரும். கடல் பக்கம் வெளிச்சமா இருக்கும், அதைப் பாத்து நேராப் போயிடும்."

"ஒண்ணுகூட வழி தப்பாதா?"

"தப்பும். நரி பிடிக்கும், பருந்து தூக்கும். ஆனா மூடியே வச்சிருந்தா எல்லாமே சாகும்."

டீச்சர் இதை அவருக்காகச் சொன்னாரா, பாடமாகச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. தகப்பன் கையிலிருந்த முட்டையை இருந்த இடத்திலேயே வைத்தார். வாரிய மணலை வாரியபடியே திரும்ப மூடி, உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தினார். படகோட்டி மறுபடி கூடையைப் பற்றிப் பேசியபோது, "நான் காவல் இருக்கற கொல்லையில கை வைப்பியா?" என்று கேட்டார். அதற்குப்பிறகு அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நாங்கள் வேர்க்கடலையும் வெல்லமும் தின்று தண்ணீர் குடித்தோம். ஊறவைத்த பச்சரிசியைப் பெண்கள் போட்டி போட்டு மென்றார்கள். அதைவிட ருசியான சாப்பாடு அதற்குப்பிறகு சாப்பிட்டதாக ஒருத்தியும் சொன்னதில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் தகப்பன், திண்டிவனம் தாண்டியதும் டீச்சர் பக்கம் திரும்பினார். "அடுத்த வருஷமும் போவீங்களா?"

"போவோம்."

"பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு மட்டுந்தானா?"

"அவங்களும், அவங்க வீட்டுக்காரங்களும்."

அவர் யோசித்தார். "அந்த முட்டைங்க இன்னா ஆச்சுன்னு பாத்தாவணும். அதுக்கு இவ பள்ளிக்கூடத்துல இருந்தாவணுமே." முன் இருக்கையில் இருந்த மகளின் தலை அசையாமல் நின்றது. "இவ மாமன்கிட்ட நான் பேசிக்கிறேன். எங்க ஓடிடப் போறான்?"

அந்த முட்டைகள் அடுத்த வருஷம் வரை அங்கே இருக்காது என்பது டீச்சருக்குத் தெரியும். அறிவியல் பாடத்தில் ஒரு சின்னப் பிழையையும் விட்டுவைக்காத அந்த அம்மாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நானும் அப்படியே செய்தேன்.

அடுத்த மாசியில் தகப்பன் பள்ளிக்கூடத்துக்கு மூன்று கற்களைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். அதிலிருந்து திட்டுக்குப் போகிற ஒவ்வொரு வருஷமும் கற்களும் போயின. ஒன்றை ஒரு வருஷம் மணல் விழுங்கிவிட்டது. இன்னொன்று சிங்கவரத்துப் பெண்ணிடம் இருக்கிறது. எட்டாவது முடித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, அதே பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, இப்போது அவளும் ஓய்வு பெற்றுவிட்டாள். மூன்றாவதை நான் ஓய்வு பெற்ற அன்று கொண்டுவந்து வைத்தாள். "காத்துல பறக்காம இருக்க உங்களுக்கும் ஒண்ணு வேணுமே சார்" என்றாள். டீச்சர் இப்போது இல்லை. மணல்திட்டு இருக்கிறது, போன மழைக்குப்பின் கொஞ்சம் தெற்கே தள்ளி எழும்பியிருப்பதாகச் சொல்கிறார்கள்.

பதில் வந்த கதையைச் சொல்லவில்லை. மனுவில் குறிப்பிட்டுள்ள தீவு எந்த ஆவணத்திலும் காணப்படாததால், அங்கே செல்ல அனுமதி அளிப்பதற்கோ மறுப்பதற்கோ வழியில்லை என்றும், கோப்பு இத்துடன் முடிக்கப்படுகிறது என்றும் அதில் கண்டிருந்தது. முறைப்படி அன்றே மனுதாரரிடம் சேர்க்க நானே பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். வகுப்பறைக் கதவு பூட்டியிருந்தது. டீச்சரும், அந்த மாதம்தான் வேலையில் சேர்ந்திருந்த சின்ன டீச்சரும், சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நைனாவும், ஏழாம் வகுப்போடு முதல் பஸ்ஸிலேயே கடலுக்குப் போய்விட்டதாகக் காவல்காரர் சொன்னார். மேல்மலையனூர் மயானக்கொள்ளைத் திருவிழாக் கூட்டம் வண்டி வண்டியாகச் செஞ்சி வழியே ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. அன்று தேதி: 1949, மாசி அமாவாசைக்கு மறுநாள்.